சபையில் ஒரு ‘நீ’

சட்டசபையில் இப்போது ஒலிப்பதிவு இயந்திரம் வைத்துவிட்டார்களாம். என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவர், நான் இப்போது இருக்கும் குன்னூருக்கு வந்திருந்தபோது சொன்னார். உறுப்பினர் பேசப் பேச அது பாட்டுக்கு நாடாவில் ஏறிக்கொண்டே இருக்குமாம். “இனிமே சுருக்கெழுத்துக்காரனுக்கு என்னங்க பாய் வேலை?” என்று சிரித்தார்.

இயந்திரம் நல்லதுதான். அதற்குக் கை வலிக்காது. குளிரில் விரல் விறைக்காது. இன்னொரு சௌகரியமும் உண்டு. அதைப் பார்த்து யாரும் “அவர் இப்போது என்ன சொன்னார்?” என்று கேட்க மாட்டார்கள். என்னைக் கேட்டார்கள். நான் பதில் சொன்னேன். சபையே விழுந்து விழுந்து சிரித்தது. அந்த நாளைப் பற்றிக் கேட்டுவிட்டுத் தம்பிதான், “இதை எழுதி வையுங்க” என்றார்.

நான் ஊட்டிக்காரன். அத்தா மெயின் பஜாரில் கம்பளிக் கடை வைத்திருந்தார். வெள்ளைக்காரர் காலத்தில் வெயில் ஏறியதும் சென்னை சர்க்கார் கோப்புக் கட்டுகளும் குமாஸ்தாக்களும் சேவகர்களுமாக மலையேறி வந்துவிடும். சில வருஷங்களில் சட்டசபையும் கூடவே வரும். சமவெளியிலிருந்து மல் வேட்டியும் அங்கவஸ்திரமுமாக வந்து இறங்கும் உறுப்பினர்கள் ரயிலடியிலிருந்து நேராக எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். சட்டசபையால் நாட்டுக்கு என்ன நன்மையோ தெரியாது, மப்ளர் வியாபாரத்துக்கு அதைவிட நல்லது எதுவும் இல்லை என்பது அத்தாவின் கருத்து.

படிப்பு முடிந்ததும் ஆங்கிலச் சுருக்கெழுத்தும் தமிழ்ச் சுருக்கெழுத்தும் கற்றுத் தேறி, சென்னையில் பேச்சுகளைக் குறிப்பெடுக்கும் சட்டசபை நிருபர் பகுதியில் சேர்ந்தேன். எங்கள் தலைமை நிருபர் வேதமாணிக்கம் ஐயா. நெட்டையான மனிதர், கறுப்புக் கோட்டு, வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. திட்டவே மாட்டார். நாம் எழுதிக் கொடுத்த பிரதியில் தவறு இருந்தால் அந்த வரிக்கு நேராக ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் திருப்பி அனுப்புவார். என்ன தவறு என்று சொல்ல மாட்டார். கண்டுபிடிக்க வேண்டியது நம் பாடு. திட்டு வாங்கியிருந்தால் தேவலை என்று தோன்றும்.

அவருடைய பயிற்சியும் விசித்திரமானது. புதிதாகச் சேர்ந்தவர்களை வரிசையாக உட்கார வைத்து, வரவுசெலவுப் பேச்சு ஒன்றை வாசித்துக்கொண்டே வருவார். நடுவில் முகம் மாறாமல் ஒரு நகைச்சுவைத் துணுக்கை நுழைப்பார். யார் சிரித்தாலும் எல்லாரும் முதலிலிருந்து எழுத வேண்டும்.

“சபையில நமக்குக் காது உண்டு, கை உண்டு. முகம் கிடையாது மிஸ்டர் ரகீம். வாயும் கிடையாது” என்பார்.

ஆனால் எனக்கு மட்டும் கொஞ்சம் வாய் உண்டு. ஆங்கிலம் தெரியாத உறுப்பினர்கள் தமிழில் பேசலாம் என்று விதி இருந்தது. அப்படி யாராவது பேசினால் நான் தமிழில் எடுத்துக்கொள்வேன். தலைவர் கேட்டால் அவர் ஆசனத்துக்கு அருகே போய் நின்று, பேசியதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அதற்கும் கறாரான விதி. பேசியவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். விளக்கம் கூடாது, அபிப்பிராயம் கூடவே கூடாது.

அந்த வருஷம் கோடையில் சபை ஊட்டியில் கூடியது. சபை கூடும் முன்பு, காலையில் நான் அத்தாவுக்குத் துணையாகக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். ராக்கியண்ணக் கவுண்டர் படியேறி வந்தார். கோயமுத்தூர்ப் பக்கத்துப் பண்ணைக்காரர். சபையில் தமிழில் மட்டுமே பேசுகிற மிகச் சிலரில் ஒருவர். அவருக்குப் பின்னால் ஒரு பெண் நடுங்கிக்கொண்டு நின்றாள். முப்பது வயதிருக்கும்.

“ஏனுங்க பாய், இந்த அம்மிணிக்கு ஒரு கம்பளி பாருங்க. நல்ல கெட்டியா இருக்கோணும்” என்றார் கவுண்டர். பிறகு என் பக்கம் திரும்பி, “இவதானுங்க மாராயி. இன்னைக்கி நான் பேசப் போறது இவளைப் பத்தித்தான். பாஸ் வாங்கியிருக்கறனுங்க, மேல உக்காந்து பாக்கட்டும்” என்றார்.

மாராயியின் கதை மலையில் எல்லாருக்கும் பழகிய கதைதான். கீழ் கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். காரமடைப் பக்கத்து ஊரில் அம்மா சாகக் கிடக்கிறாள் என்று ஆள் வந்தது. லீவு கொடுக்க வேண்டிய துரை வேட்டைக்குப் போயிருந்தார். இவள் காத்திராமல் மலையிறங்கி நடந்துவிட்டாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா போய்ச் சேர்ந்தாள். பால் தெளிப்பதற்கு முன்பே போலீஸ் ஜவான் வந்து, ஒப்பந்தத்தை மீறி ஓடிவந்தவள் என்று பிடித்து, வந்த வழியே மலையேற்றி நடத்திக்கொண்டு போனான். மாஜிஸ்திரேட் தண்டனையும் விதித்தார். சட்டம் அப்படி இருந்தது. ஒப்பந்தம் ஒருவழியாக முடிந்து அவள் வெளியே வந்ததும் கவுண்டர் கையோடு அழைத்து வந்திருந்தார்.

மாராயி கம்பளியைப் போர்த்திக்கொண்டே என்னிடம் மெல்லக் கேட்டாள். “ஏனுங்க, மேல நின்னுக்கிட்டே இருக்கோணுங்களா? உக்காரலாங்களா?”

“உக்காரலாம். பெஞ்சு போட்டிருக்காங்க” என்றேன்.

“தொரைங்க முன்னால எப்படிங்க உக்கார்றது?” என்றாள்.

காலையில் கேள்வி நேரம். உருளைக்கிழங்கு நோயைப் பற்றி ஒருவர், பாலத்தைப் பற்றி ஒருவர். கணப்புக்குப் பக்கத்தில் உட்கார எல்லா உறுப்பினருக்கும் முறை வைத்து இடம் தரப்படுமா என்று தஞ்சாவூர் உறுப்பினர் ஒருவர் கேட்டார். பரிசீலனையில் இருப்பதாக சர்க்கார் தரப்பு பதில் சொன்னது.

கவுண்டரின் தீர்மானம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. அது கெட்ட நேரம். ஊட்டியில் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிச் சபை காணாமல் போய்விடும். சிலர் குதிரைப் பந்தயத்துக்குக் கிளம்புவார்கள். மற்றவர்கள் தேநீர் அறையில் கணப்பைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். தோட்ட முதலாளிகளின் பக்கம் மட்டும் ஒருவர் குறையாமல் இருந்தார்கள். ஓட்டெடுப்பு நடந்தால் தீர்மானம் தோற்கும் என்பது பெஞ்சுகளைப் பார்த்தாலே தெரிந்தது.

தீர்மானம் சின்னதுதான். தாய் தகப்பன், கட்டியவர், பெற்ற பிள்ளை இவர்களுக்கு நோய் அல்லது சாவு என்று ஊருக்குப் போகும் தொழிலாளியைப் பிடித்து வரக் கூடாது. அதை லீவாகவே கொள்ள வேண்டும் என்று சர்க்காருக்குச் சபை பரிந்துரைக்க வேண்டும். கவுண்டர் மாராயியின் கதையைச் சொன்னார். கையை ஆட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. வாய்க்கால் தகராறை ஊர்ப் பெரியவர்களிடம் சொல்வதுபோலச் சொன்னார். என் கை ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முகம் கிடையாது என்பதை இரண்டு மூன்று தடவை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

பதில் சொல்ல பெல்டன் துரை எழுந்தார். தோட்டக்காரர்களின் பிரதிநிதி. மலையில் பல வருஷம் தோட்டம் நடத்தியவர். கெட்டவர் என்று பெயரில்லை. தமக்குத் தமிழ் தெரியும் என்பதில் அவருக்கு நிரம்பப் பெருமை. கவுண்டருக்கு ஆங்கிலம் தெரியாது, அதனால் மரியாதைக்காக நான் தமிழிலேயே பதில் சொல்கிறேன் என்று தலைவரிடம் அனுமதி கேட்டார். தலைவரும் வெள்ளைக்காரர்தான். சந்தோஷமாக அனுமதித்தார்.

துரை கவுண்டரைப் பார்த்துப் புன்னகையோடு ஆரம்பித்தார்.

“நீ சொல்றது சரியில்லே. நீ எஸ்டேட் பாத்ததில்லே. நீ ஒரு நாள் வா. வந்து பாரு. அப்புறம் பேசு.”

தமிழ் தெரிந்த அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். “மரியாதை, மரியாதை” என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. ஒருவர் மேசையைத் தட்டினார். துரைக்கு எதுவும் விளங்கவில்லை. தம் தமிழைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, லேசாகத் தலை குனிந்தார்.

கவுண்டர் எழுந்தார். “தலைவருங்க, தொரை என்னையப் பேசுன வார்த்தையை வாபஸ் வாங்கோணுமுங்க.”

தலைவர் என்னைக் கூப்பிட்டார். நான் போய் நின்று, கவுண்டர் கேட்டதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

“கனம் பெல்டன் அப்படி என்ன சொன்னார்?” என்று தலைவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

“‘யூ’ என்று சொன்னார்.”

தலைவர் அதைக் குறித்துக்கொண்டார். “சரி. வேறு எப்படிச் சொல்லியிருக்க வேண்டுமாம்?”

எனக்கு ஆங்கிலத்தில் இருப்பது ஒரே சொல். “‘யூ’ என்று சொல்லியிருக்க வேண்டுமாம்” என்றேன்.

வெள்ளைக்காரப் பெஞ்சுகளில் வெடித்த சிரிப்பு கூரையில் போய் முட்டியது. தலைவரே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்புச் சத்தம் கேட்டுத் தேநீர் அறையிலிருந்து நாலைந்து பேர் கோப்பையோடு வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

கவுண்டர் சிரிக்கவில்லை. அவருக்குக் காரணம் தெரியாதே. தாம் மரியாதை கேட்டதற்கு வெள்ளைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து சிரிக்கிறார்கள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. முகம் சிவந்துபோயிற்று. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

தீர்மானம் கொண்டுவந்தவர் வெளியே போய்விட்டால் ஓட்டெடுப்பே கிடையாது. தீர்மானம் அங்கேயே காலாவதி. மேலே பார்வையாளர் மாடத்தைப் பார்த்தேன். மாராயி கம்பளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். கீழே வேதமாணிக்கம் ஐயா தம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். வாய் தானாகத் திறந்துவிட்டது.

“அய்யா, போயிடாதீங்க. உங்களைப் பாத்து யாரும் சிரிக்கலீங்க. இங்கிலீசைப் பாத்துத்தான் சிரிக்கறாங்க. அதுல ‘நீ’க்கும் ‘நீங்க’ளுக்கும் ஒரே வார்த்தைதானுங்க.”

கவுண்டர் நின்றார். “நெசமாலுமா?” என்றார்.

“ஆமாங்க. ராஜாவுக்கும் அதேதான், நாய்க்கும் அதேதானுங்க.”

“அட கெரகமே” என்று சொல்லிவிட்டு, திரும்பி வந்து தம் இடத்தில் உட்கார்ந்தார்.

தலைவரின் பக்கம் திரும்பினேன். விதியை ஒரு தடவை மீறியாயிற்று. பாதியில் நிறுத்தவும் முடியாது. தமிழில் முன்னால் நிற்பவரின் தகுதியைப் பார்த்துச் சொல் மாறும் என்றும், துரை சொன்னதைச் சரியாக ஆங்கிலப்படுத்த வேண்டுமானால் அவர்களுடைய பழைய ‘தௌ’ என்ற சொல்லைத்தான் போட வேண்டும் என்றும் சொன்னேன்.

பெல்டன் துரை எழுந்தார். “அது நாங்கள் வேத புத்தகத்தில் கடவுளை அழைக்கும் சொல் ஆயிற்றே. கனம் உறுப்பினருக்கு அதைவிட என்ன மரியாதை வேண்டும்?” என்றார். மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை முன்ஜாக்கிரதையாக உடனே கவுண்டருக்குத் தமிழில் சொல்லிவிட்டேன்.

கவுண்டர் நிதானமாக எழுந்தார்.

“தொரை சொல்றது வாஸ்தவமுங்க. நாங்களும் சாமிய ‘நீ’ன்னுதான் கும்பிடறோம். கூலிக்கு வர்ற ஆளையும் ‘நீ’ன்னுதான் கூப்பிடறாங்க. நடுவுல இருக்கறவங்களுக்குத்தானுங்க ‘நீங்க’. நான் சாமி இல்லீங்க. அப்ப தொரை என்னைய யாருன்னு நெனைச்சுப் பேசுனாருன்னு அவரையே கேட்டுச் சொல்லுங்க.”

இதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’. ஆகவே தலைவர் ஆசனத்துக்கு அருகில் நிமிர்ந்து நின்று, “நான் கடவுள் அல்ல” என்று உரக்க அறிவித்தேன். அந்தச் சபையில் அப்படி அறிவித்த ஒரே ஊழியன் நானாகத்தான் இருப்பேன். இப்போது இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது. பந்தயத்துக்குக் கிளம்பி வராந்தாவில் தொப்பியோடு நின்றவர்கள்கூட என்னமோ நடக்கிறது என்று உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். வேதமாணிக்கம் ஐயா கீழே விழுந்த பென்சிலைத் தேடுவதுபோல மேசைக்கு அடியில் குனிந்தார். வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. மேசை மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

பெல்டன் துரை சிரிக்கவில்லை. பிறகு ஆங்கிலத்தில், “எனக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் தோட்டத்தில் கற்றது. அங்கே இதைத் தவிர வேறு தமிழ் உண்டு என்று என் கணக்கப்பிள்ளைகூட ஒரு நாளும் சொன்னதில்லை” என்றார். கவுண்டரைப் பார்த்து, மனப்பூர்வமாகத் தமிழில் சொன்னார்:

“மன்னிச்சுக்கோ.”

அதற்கு எழுந்த சிரிப்பை அடக்கத் தலைவர் சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தது. கவுண்டரே சிரித்துவிட்டார். “கூட ஒரு ‘ங்க’ போட்டாப் போதுமுங்க தொரை. மன்னிச்சுக்கோங்க.”

“மன்னிச்சுக்கோங்க” என்றார் துரை, ஒவ்வொரு எழுத்தாக.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் துரை விவாதத்தில் கெட்டிக்காரர். தலைவர் மூலமாக ஒரு கேள்வி கேட்டார்: கனம் உறுப்பினர் தம் பண்ணையில் வேலை செய்யும் ஆட்களை எப்படி அழைக்கிறார்?

நான் அதைத் தமிழில் சொன்னேன். கவுண்டர் தலையைத் தூக்கி மேலே, மாராயி நின்ற இடத்தைப் பார்த்தார்.

“நானும் ‘நீ’ன்னுதானுங்க” என்றார். “பொய் சொல்லப்படாது. தொரைக்கு அவரு கணக்கப்பிள்ளை சொல்லிக் குடுக்கல. எனக்கு எங்க வூட்டுலயே சொல்லிக் குடுக்கல. இன்னைக்கி ரெண்டு பேருமாச் சேந்து கத்துக்கறோமுங்க. ஆனா, தாயி செத்ததுக்குப் போனவளைப் புடிச்சுட்டு வர்றது ‘ங்க’ போட்டாலும் தப்புத்தானுங்க. அதுக்கு ஓட்டுப் போடுங்க.”

அவ்வளவுதான் அவர் முடிவுரை.

பெயர் சொல்லி ஓட்டெடுத்தார்கள். காரியதரிசி ஒவ்வொரு பெயராக வாசிக்க, ஒவ்வொருவரும் எழுந்து பதில் சொன்னார்கள். பந்தயத்துக்குப் போக இருந்தவர்கள், தேநீர் அறையில் இருந்தவர்கள் எல்லாரும் அப்போது சபைக்குள் இருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள், வந்த இடத்தில் கவுண்டரின் கடைசிப் பேச்சையும் கேட்டுவிட்டார்கள். பெல்டன் துரையின் பெயர் வந்தது. அவர் எழுந்து, கவுண்டர் பக்கம் மரியாதையாகத் திரும்பி, தமிழில் சொன்னார்:

“எதிர்ப்புங்க.”

தீர்மானம் நிறைவேறியது. சுலபமாகவே நிறைவேறியது.

சபை கலைந்ததும் பிரதியை எழுதி வேதமாணிக்கம் ஐயாவிடம் கொடுத்தேன். என்னை எதிரிலேயே உட்கார வைத்து வாசித்தார். நான் கவுண்டரிடம் சொன்ன வார்த்தைகளுக்கு நேராக ஒரு புள்ளி வைத்தார்.

“இது சபையில பேசப்பட்டதா, மிஸ்டர் ரகீம்?”

“ஆமா சார்.”

“பேசினது யாரு?”

“நான்தான் சார்.”

“உறுப்பினர் அல்லாதவர் பேச்சு குறிப்புல ஏறாது” என்று அந்த வரிகளை அடித்துவிட்டு, அங்கே ‘சிரிப்பு’ என்று மட்டும் எழுதினார். வேலை போய்விட்டதா இருக்கிறதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் கோட்டுப் பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து, ஒரு கிராம்பை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, “வெளியில குளிர் ஜாஸ்தி. மென்னுக்கிட்டே போங்க” என்றார்.

வெளியே கவுண்டரின் வண்டி நின்றது. மாராயி ஒதுங்கி நின்றுகொண்டிருந்தாள். கவுண்டர் வண்டியில் கால் வைத்தவர், என்ன நினைத்தாரோ, இறங்கி அவளைப் பார்த்து, “வாங்க, போலாம்” என்றார். மாராயி பின்னால் திரும்பி, யார் வருகிறார்கள் என்று பார்த்தாள். யாரும் இல்லை. மறுபடி கவுண்டரைப் பார்த்தாள். அப்போதுதான் விளங்கியது. கம்பளியால் முகத்தை மூடிக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பை இயந்திரம்கூடப் பிடித்திருக்க முடியாது.

சில மாதங்கள் கழித்து, தீர்மானத்தை ஏற்று சர்க்கார் உத்தரவு வந்தது. அடுத்த கோடையில் சபை மறுபடி மலைக்கு வந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாராயி எங்கள் கடைக்கு வந்தாள். இப்போது பெல்டன் துரையின் தோட்டத்தில் வேலை என்றாள்.

“அந்தத் தொரை ஆளுகளுக்கு ‘ங்க’ போடறாருன்னு கேள்விப்பட்டனுங்க. அங்கியே சேந்துட்டேன்.”

“எல்லாருக்கும் சந்தோஷமா?” என்று கேட்டேன்.

“எங்கீங்க. மொதல்ல எல்லாத்துக்கும் பயமாப் போச்சுங்க. ‘கொழுந்து எடுங்க, இங்க வாங்க’ங்கறாரு. எஸ்டேட்டை விக்கப் போறாரு, அதான் இப்பிடிப் பேசறாருன்னு ஒரே பேச்சு. மேஸ்திரி போயி, ‘என்ன தப்புப் பண்ணுனோம் தொரை, கோவமா?’ன்னே கேட்டுட்டாருங்க.”

அத்தா கல்லாவில் உட்கார்ந்தபடியே கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அவள் அப்பனுக்குக் காய்ச்சல் கண்டு, தை மாசம் ஊருக்குப் போய் வந்தாளாம். உடம்பு தேறிவிட்டதாம். அவருக்காகத்தான் கம்பளி வாங்க வந்திருந்தாள். கட்டிக் கொடுத்துக்கொண்டே, “திரும்பி வரும்போது தொந்தரவு ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டேன்.

“யாரும் கூட்டியாரலீங்க” என்றாள். “நானே வந்தனுங்க.”